இங்கிலாந்துக் கிராமத்து விடுதியில் ஒருவேளைச் சாப்பாடு: வார நாள் மதியமா, ஞாயிறு ரோஸ்ட்டா, இரவுத் தங்கலா, கேஸ்ட்ரோபப்பா?

கோடையில் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்துவிட்டால் காட்ஸ்வோல்ட்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்ஷயர் டேல்ஸ் என்று ஒரு நாளாவது காரை எடுத்துக்கொண்டு கிளம்பாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடலாம்தான். ஆனால் கல்சுவர், தாழ்ந்த கூரை, வாசலில் தொங்கும் பூத்தொட்டி, காற்றில் ஆடும் பெயர்ப்பலகை என்று ஒரு பழைய விடுதியை (இங்கே பப் என்பார்கள்) பார்த்ததும், "இங்கேயே ஒருவேளை சாப்பிடலாமே" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்த ஆசை நியாயமானது. இந்த நாட்டின் சாப்பாட்டை அதன் சொந்த இடத்தில் சாப்பிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். அதே விடுதியில் அதே வாரம் சாப்பிட்ட இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு கதை வரும். ஒருவர், "அருமையான 'பை' (pie), அன்பான மனிதர்கள், கணப்பு அடுப்பு பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள்" என்பார். இன்னொருவர், "ஒரு மணி நேரம் காத்திருந்தோம், ஆறிப்போன தட்டு வந்தது, இனி அந்தப் பக்கம் போக மாட்டோம்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். முதல் ஆள் புதன்கிழமை பன்னிரண்டரைக்கு பார் பக்கம் உட்கார்ந்தவர். இரண்டாம் ஆள் ஞாயிறு மூன்று மணிக்கு எட்டுப் பேரோடு போனவர். எந்த விடுதி என்று தேடி அலைவதில் பாதி நேரத்தை எந்த வேளை, விடுதியின் எந்தப் பகுதி என்று யோசிக்கச் செலவிட்டால் நல்ல சாப்பாடு கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள், குழந்தைகள், சைவம், அசைவம் எல்லாம் கலந்த குடும்பம் என்றால் வார நாள் மதியம், பார் பக்கம், விடுதிக்காரரே சமையலறையைக் கவனிக்கும் ஓர் இடம். மற்ற மூன்று வழிகளுக்கும் அவரவர்க்கு ஏற்ற சந்தர்ப்பம் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

யாருடைய விடுதி என்பது தட்டில் தெரியும்

வேளையைத் தேர்ந்தெடுக்கும் முன் விடுதியின் உரிமை யாரிடம் என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவது நல்லது. கிராமத்து விடுதிகள் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே பல வகை. மதுபான ஆலைக்கோ பெரிய பப் நிறுவனத்துக்கோ கட்டுப்பட்டு, அவர்களிடமே பியர் வாங்கி, அவர்களுக்கே வாடகை கட்டி நடத்துபவை ஒரு வகை. 1989-ல் வந்த பியர் ஆணை, 2000-க்கும் மேற்பட்ட பப்களை வைத்திருந்த பெரிய ஆலைகளின் பிடியைத் தளர்த்தியது. ஆனால் அந்த இடத்தை ஆலையே இல்லாத பப் நிறுவனங்கள் வந்து நிரப்பின. 'ஃப்ரீ ஹவுஸ்' என்று பலகையில் எழுதியிருந்தால் அந்தக் கட்டு இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அர்த்தம். இன்னொரு வகை, ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கியவை. கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தில் உள்ள 'ஓல்ட் கிரவுன்' 2003-ல் அப்படி ஊராரின் கூட்டுறவுச் சொத்தானது. அதைப் பார்த்துப் பல கிராமங்கள் பின்னால் வந்தன. மூடப்போகும் விடுதியை வாங்க ஊருக்கு அவகாசம் தரும் வழியை 2011-ன் உள்ளாட்சிச் சட்டமும் திறந்துவிட்டது.

கடைசியாக, சாலைச் சந்திப்புகளுக்குப் பக்கத்தில் பெரிய கார் நிறுத்துமிடத்தோடு இருக்கும் சங்கிலி நிறுவனக் குடும்ப பப்கள். இவற்றை மட்டமாகப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் முழுக்கச் சமையலறை திறந்திருக்கும். மெனு எந்த ஊரிலும் ஒன்றுதான். ஒவ்வொரு பண்டத்திலும் என்ன கலந்திருக்கிறது என்று முன்கூட்டியே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் கலோரிக் கணக்கையும் மெனுவில் போட்டாக வேண்டும். வீட்டில் யாருக்காவது கடுமையான நிலக்கடலை ஒவ்வாமையோ பால் ஒவ்வாமையோ இருந்தால் அழகான பழைய விடுதியைவிட இதுதான் நிம்மதி. மற்றபடி, மைல் கணக்கில் காரோட்டி வந்து அதே உறைநிலை 'பை'யைச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

வெளியிலிருந்தே சமையலறையைக் கணிக்க மெனு அட்டையின் நீளம் போதும். சின்னச் சமையலறையில் இரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில் நாற்பது பண்டம் எழுதியிருந்தால் அதில் பெரும்பகுதி ஃப்ரீசரிலிருந்துதான் வர முடியும். எட்டோ பத்தோ பண்டம், பக்கத்தில் கரும்பலகையில் இன்றைய மீன், இன்றைய சூப் என்று சாக்பீஸில் எழுதியிருந்தால் தைரியமாக உள்ளே போகலாம்.

வார நாள் மதியம், பார் பக்கம்

இதை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. செவ்வாய் முதல் வியாழன் வரை சமையலறைக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். கேள்வி கேட்டால் சமையல்காரரிடமே போய்க் கேட்டுவந்து பதில் சொல்வார்கள். "கிரேவி தனியாகத் தர முடியுமா, சூப்பில் கோழிச்சாறு உண்டா" என்றெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கேட்டால் பரிமாறும் பெண் பாவம் தவித்துப்போவாள். புதன்கிழமை அதுவே சாதாரணப் பேச்சாக இருக்கும்.

பார் பக்கத்து நடைமுறை நமக்குப் பழகாதது, அதில்தான் பல கசப்பான அனுபவங்கள் தொடங்குகின்றன. உட்கார்ந்தால் யாரும் வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். காலியான மேசையைப் பிடித்து, அதன் எண்ணைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் மட்டும் எழுந்து பாருக்குப் போய் எல்லோருக்குமாகச் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். பானத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளலாம், சாப்பாடு மேசைக்கு வரும். பாரில் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு: யார் முதலில் வந்தார் என்பது நிற்கும் எல்லோருக்கும் தெரியும். முந்திக்கொண்டால் முகம் மாறும். "அரை மணி நேரம் யாருமே எங்களைக் கவனிக்கவில்லை, நம் நிறத்தைப் பார்த்துத்தான்" என்று மனம் புண்பட்டுத் திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். நான் மறுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலும் அவர்கள் ஆர்டர் எடுக்க வருவார்கள் என்று இவர்களும், இவர்கள் பாருக்கு வருவார்கள் என்று அவர்களும் காத்திருந்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் "இங்கே பாரில் ஆர்டர் செய்யணுமா, மேசைக்கு வருவீங்களா" என்று கேட்டுவிட்டால் அந்த அரை மணி நேரமும் மனக்கசப்பும் மிச்சம்.

அடுத்த பெரிய ஏமாற்றம் நேரம். மதியச் சமையல் பெரும்பாலும் 12 மணிக்குத் தொடங்கி 2 அல்லது 2.30-க்கு முடிந்துவிடும். மறுபடி 6 மணிக்குத்தான். நடுவில் கதவு திறந்திருக்கும், ஆட்கள் குடித்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் சிப்ஸ் பாக்கெட் தவிர எதுவும் கிடைக்காது. நம்மவர்கள் கிளம்பும் நேரம், வழியில் போட்டோ, பெட்ரோல், கழிப்பறை நிறுத்தம் எல்லாம் சேர்ந்து சரியாக 2.40-க்குத்தான் போய்ச் சேருவோம். பல விடுதிகள் திங்கட்கிழமை மூடியே இருக்கும், சில செவ்வாயும். அதனால் போகும் நாளுக்கு முன்பே நேரத்தைப் பார்த்து, 12.30-க்கு அங்கே இருக்கும்படி வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். இது ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

என்ன சாப்பிடலாம்? பிளவ்மன்ஸ் லஞ்ச் என்று ஒன்று இருக்கும்: தடித்த ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெங்காயம், இனிப்பும் புளிப்புமான காய்கறித் தொக்கு, ஆப்பிள். உழவர் சாப்பாடு என்று ஆதிகாலப் பெயரோடு இருந்தாலும், 1954-ல் பாலாடைக்கட்டிக்கு ரேஷன் போன பிறகு அதன் விற்பனையைப் பெருக்கப் பாலாடைக்கட்டித் தொழில் முன்தள்ளிப் பரப்பியதுதான் இன்று நாம் பார்க்கும் வடிவம். யார் பரப்பினாலும் நல்ல சாப்பாடு. சமைக்க வேண்டியது எதுவும் இல்லாததால் கெடுக்கவும் எதுவும் இல்லை. ஹாம் எனும் பன்றி இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கினால் சைவர்களுக்கும் சரிவரும். அப்பாக்களுக்கு மீனும் சிப்ஸும் எப்போதும் ஏமாற்றாது. காரம் வேண்டும் என்றால் இங்கிலீஷ் மஸ்டர்ட் கேளுங்கள். மூக்கில் ஏறும், ஆனால் நாக்கு விழித்துக்கொள்ளும்.

நாய்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பார் பக்கம் நாய்களுக்கு அனுமதி இருப்பது வழக்கம். சாப்பாட்டு அறையில் பெரும்பாலும் இருக்காது. நாய்க்குப் பயப்படும் பாட்டியோ குழந்தையோ கூட வந்தால் பார் பக்கத்தின் எல்லா நன்மைகளும் அந்த ஒரு லாப்ரடாரால் போய்விடும். அப்போது யோசிக்காமல் சாப்பாட்டு அறையைக் கேளுங்கள்.

ஞாயிறு ரோஸ்ட்

இதைப் பற்றித்தான் அதிகப் புகழ்ச்சியும் அதிகப் புகாரும். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றி, கோழி இவற்றில் ஒன்று. கூடவே ரோஸ்ட் உருளைக்கிழங்கு, கேரட், பார்ஸ்னிப், கோஸ், பொங்கி எழுந்த யார்க்ஷயர் புட்டிங் (இனிப்பு இல்லை, மாவுப் பண்டம்), எல்லாவற்றின் மேலும் இறைச்சிச் சாற்றில் செய்யும் கிரேவி. கிரேவி குறைந்துபோன ரோஸ்ட் சாம்பார் ஊற்றாத இட்லி மாதிரி. அதனால் கூடுதல் கிரேவி கேட்பதில் கூச்சம் வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்பார்கள். கிராமப்புறத்தில் இப்போது ஒரு தட்டு 18 முதல் 25 பவுண்டு வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

அனுபவங்கள் ஏன் இப்படிப் பிளவுபடுகின்றன என்று சமையலறைப் பக்கமிருந்து பார்த்தால் புரியும். பெரிய இறைச்சித் துண்டுகள் காலையிலேயே அடுப்பில் ஏறி, பன்னிரண்டு மணிக்குத் தயாராகும். முதல் பந்திக்கு வெட்டும்போது உள்ளே சாறு இருக்கும். மூன்று மணி ஆகும்போது மிச்சத் துண்டு சூட்டு விளக்கின் கீழ் வறண்டிருக்கும், சில வகை தீர்ந்தும் போயிருக்கும். யார்க்ஷயர் புட்டிங் அடுப்பிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் மொறுமொறுப்பு இழந்துவிடும். நூறு தட்டு போகும் நாளில் எல்லாத் தட்டிலும் புதிதாக வைப்பது முடியாத காரியம். அதனால் ஞாயிறுதான் வேண்டும் என்றால் 12 அல்லது 12.30-க்கு மேசை கேளுங்கள். வாரம் முன்னதாகவே புக் செய்யுங்கள். அன்னையர் தினத்தன்று போகவே வேண்டாம். அன்றைக்கு நல்ல விடுதியும் திணறும். ஞாயிறு மாலை பெரும்பாலான இடங்களில் சமையல் கிடையாது.

'கார்வரி' என்று போட்டிருந்தால் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, கண்ணெதிரே இறைச்சியை வெட்டி வாங்கி, காய்கறியை நாமே போட்டுக்கொள்வது. அளவில்லாமல் கிடைக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். சுவையில் மேசைக்கு வரும் ரோஸ்ட்டுக்கு ஒரு படி கீழேதான்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அலர்ஜி அட்டையில் இல்லாத விஷயங்கள்

2014 டிசம்பர் முதல் பிரிட்டனில் எந்த உணவகமும் பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கேட்டால் தகவல் தர வேண்டும். பால், முட்டை, மீன், கடுகு, எள், நிலக்கடலை, செலரி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம்மவர்கள் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகி விடுகிறார்கள். ஆனால் மாட்டுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு, ஜெலட்டின், கோழிச்சாறு எதுவும் ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. ஆகவே அட்டை அதைச் சொல்லாது. நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

யார்க்ஷயர் புட்டிங் மாவும் முட்டையும் பாலும்தான், ஆனால் மரபுப்படி ஊற்றுவது கொதிக்கும் மாட்டுக்கொழுப்பில். ரோஸ்ட் உருளைக்கிழங்குக்கு வாத்துக் கொழுப்போ மாட்டுக்கொழுப்போ போடுவதை மெனுவில் பெருமையாகவே எழுதியிருப்பார்கள். வட இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்ஷயரில், மீனும் சிப்ஸும் 'டிரிப்பிங்' எனும் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பது இன்றும் பல இடங்களில் உண்டு. சிப்ஸ்தானே, சைவம்தானே என்று நினைத்துத் தட்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தெரிந்தால் ஒரு வாரம் மனசு ஆறாது. தாவர எண்ணெயில் பொரித்தாலும் மீன் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். ஆவியில் வேகும் பழைய பாணி இனிப்புகளில் மாட்டின் சூயட் கொழுப்பு சேர்வது உண்டு. பார்மசான் பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்துப் பாலைத் திரிய வைக்கும் ரென்னட் எப்போதும் இருக்கும். ஆங்கிலப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் இப்போது அது இல்லை, கேட்டுப் பார்க்கலாம். வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் சேரும், ஆனால் மீன் என்பதால் அது அட்டையில் தெரிந்துவிடும்.

பைகளின் பெயரில் ஒரு சின்ன உதவி உண்டு. 'ஷெப்பர்ட்ஸ் பை' என்றால் ஆடு, 'காட்டேஜ் பை' என்றால் மாடு. இரண்டும் மேலே மசித்த உருளைக்கிழங்கோடு ஒரே மாதிரிதான் தெரியும். ஹலால் பார்ப்பவர்களுக்குக் கிராமத்து விடுதியில் இறைச்சி பெரும்பாலும் ஒத்துவராது. மீன் எடுக்கலாம் என்றால் மேல்மாவில் பியர் கலந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். 'ஸ்டீக் அண்ட் ஏல்' என்று பெயரிலேயே பியர் இருப்பவை தவிர, ஒயின் ஊற்றிய சாஸ்களும் உண்டு.

சைவர்களுக்கு ஞாயிறன்று வருவது பெரும்பாலும் கொட்டைப் பருப்புகளை அரைத்துச் சுட்ட 'நட் ரோஸ்ட்'. நல்ல சமையல்காரர் கையில் அது நிறைவான சாப்பாடு. அக்கறையில்லாத இடத்தில் வறண்ட ஒரு கட்டி. சைவ கிரேவி தனியாக உண்டா என்பதே நல்ல சோதனை. உண்டு என்று உடனே பதில் வந்தால் அந்தச் சமையலறை சைவர்களை நினைத்துப் பார்த்திருக்கிறது. 'கிரேவி இல்லாமல் தருகிறோம்' என்று பதில் வந்தால் வேறு நாள், வேறு சாப்பாடு பார்ப்பது உத்தமம்.

இரவுச் சாப்பாடும் தங்கலும்

பெயர்ப்பலகையில் 'இன்' என்று இருக்கும் பல இடங்கள் குதிரைவண்டிக் காலத்தில் பயணிகளுக்காக எழுந்தவை. 1784-ல் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குத் தபால் வண்டி ஓடத் தொடங்கிய பிறகு, குதிரை மாற்றவும் ஆட்கள் சாப்பிடவும் வழியெங்கும் இப்படிப்பட்ட விடுதிகள் செழித்தன. நடுவில் வண்டி நுழையும் வளைவு, பின்னால் முற்றம் இருந்தால் அந்த வழிவந்தது என்று கண்டுகொள்ளலாம். ரயில் வந்ததும் பல படுத்துவிட்டன. தப்பியவற்றில் இன்றும் மாடியில் அறைகள் உண்டு.

இருவர் மட்டும் போகும் பயணம் என்றால் இந்த வழியை நான் தயங்காமல் சொல்வேன். இரவு உணவு, அறை, காலை உணவு மூன்றும் சேர்த்த கட்டணம் வார நாளில் பல இடங்களில் கிடைக்கும். குடிப்பவர்களுக்கு இன்னொரு முக்கியமான காரணம்: கிராமத்தில் இரவு பஸ் இருக்காது, டாக்சி கிடைப்பது அபூர்வம். மது அருந்தி ஓட்டும் வரம்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50 மட்டுமே. மாடியில் படுக்கை இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. ஆனால் காலையில் சீக்கிரம் கிளம்புபவர்கள் முந்தின இரவு எவ்வளவு என்பதை மறக்கக் கூடாது.

அனுபவக் குறைகள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி இருக்காது: பாருக்கு நேர்மேலே அறை, இரவு பதினொன்று வரை சத்தம், சாய்ந்த தரை, குறுகலான படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ள பெற்றோரை இதில் ஏற்றுவது பாவம். காலை உணவில் பேக்கன், சாசேஜ், பன்றி ரத்தத்தில் செய்யும் பிளாக் புட்டிங் என்று வரும். முந்தின இரவே சொல்லிவைத்தால் முட்டை, காளான், தக்காளி, பீன்ஸ், டோஸ்ட் என்று நல்ல சைவத் தட்டு தருவார்கள்.

யார்க்ஷயர் டேல்ஸில் 528 மீட்டர் உயரத்தில் இருக்கும் 'டான் ஹில் இன்', பிரிட்டனிலேயே மிக உயரத்தில் உள்ள பப் என்று பெயர் பெற்றது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வந்தபோது பனி வழியை மூடி, இசை கேட்க வந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று இரவுகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். சாப்பாடும் பாட்டும் விளையாட்டுமாக அவர்களை விடுதிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். வழிப்போக்கனுக்குக் கூரையும் சோறும் என்ற பழைய கடமை இன்னும் அங்கே உயிரோடு இருப்பதை அந்தச் செய்தி காட்டியது. எனக்கு இந்த விடுதிகள் மேல் இவ்வளவு பற்று வர அதுவும் ஒரு காரணம்.

கேஸ்ட்ரோபப்

1991-ல் லண்டன் ஃபாரிங்டன் சாலையில் 'தி ஈகிள்' என்ற பப் நல்ல சமையலை பப்பின் எளிமையோடு சேர்த்துத் தந்ததிலிருந்து இந்த வகை பேர் பெற்றது. கிராமங்களுக்கும் அது பரவியது. ஹெரிஃபோர்ட்ஷயரின் டிட்லி கிராமத்து 'ஸ்டாக் இன்' 2001-ல், உணவகங்களைத் தரம் பார்க்கும் மிஷலின் வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற முதல் பப் ஆனது. பிறகு மார்லோவின் 'ஹேண்ட் அண்ட் ஃப்ளவர்ஸ்' இரண்டு நட்சத்திரம் பெற்ற முதல் பப் ஆனது. கென்ட் கடற்கரையில் சீசால்டர் ஊரின் 'ஸ்போர்ட்ஸ்மன்', யார்க்ஷயரின் ஹேரோம் கிராமத்து 'ஸ்டார் இன்' என்று சமையலுக்காகவே ஆட்கள் தேடிப்போகும் இடங்கள் இன்னும் உண்டு.

திருமண நாள், பெரிய பிறந்தநாள் மாதிரி ஒரு நாளுக்கு இவை அருமை. நட்சத்திர இடங்களில் ஆளுக்கு 100 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம், 12.5 சதவீதம் சேவைக் கட்டணமும் பில்லில் சேரும். அது விருப்பப்பட்டால் தருவது என்று எழுதியிருந்தால் எடுத்துவிடச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, ஆனால் சேவை நன்றாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுக்க ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. சாதாரண விடுதியின் பார் பக்கம் டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

குழந்தைகளோடு இங்கே போக நான் சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் ஆறு வயதுப் பிள்ளையை உட்கார வைப்பது பிள்ளைக்கும் தண்டனை. "இவ்வளவு காசுக்கு இத்துணூண்டா" என்று அம்மா கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா கேட்பதும் நியாயம்தான். சைவர்கள் புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். இம்மாதிரி இடங்கள் முன்கூட்டிச் சொன்னால் தனியாக யோசித்துச் சமைப்பார்கள், அன்றைக்குப் போய்ச் சொன்னால் சிரமப்படுவார்கள்.

மற்றவர்கள் எழுதியதை எப்படிப் படிப்பது

நட்சத்திரச் சராசரியை நான் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. 4.3-க்கும் 4.6-க்கும் உள்ள வித்தியாசத்தில் எதுவும் தெரியாது. முதலில் தேதி. கிராமத்து விடுதிகளில் நடத்துபவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்; ஆள் மாறினால் சமையலும் மாறும், பெயர்ப்பலகை மட்டும் நூறு வருடமாக அதே. இரண்டு வருடத்துக்கு முந்தைய புகழ்ச்சி வேறொருவருடைய சமையலைப் பற்றியது. 'புதிய நிர்வாகம்' என்ற வார்த்தையைத் தேடி, அதற்குப் பிறகு எழுதியவற்றை மட்டும் படியுங்கள்.

அப்புறம், எழுதியவர் எந்த வேளை போனார் என்று பாருங்கள். நாம் போகப்போவது புதன் மதியம் என்றால் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இருபது பேராகப் போனவரின் கோபம் நமக்குப் பயன்படாது. எதைப் பற்றிய புகார் என்பதும் முக்கியம். காத்திருப்பு, சத்தம், கார் நிறுத்தம் எல்லாம் நேரத்தை மாற்றினால் தீரும். ஒவ்வாமையைச் சொன்னபோது அலட்சியமாகப் பேசினார்கள், தட்டைத் திருப்பி அனுப்பியதற்குச் சண்டை போட்டார்கள் என்று இருவருக்கு மேல் எழுதியிருந்தால் அது நேரத்தால் தீராது. விடுதிக்காரர் தரும் பதிலையும் படியுங்கள். குறை சொன்னவரைக் கேலி செய்து எழுதும் ஆள் நேரில் எப்படி இருப்பார் என்று ஊகிக்கலாம்.

பொய் விமர்சனம் எழுதுவதும் எழுத வைப்பதும் 2025 ஏப்ரல் முதல் பிரிட்டனில் சட்டப்படி தடை. அதற்காக எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நம்ப வேண்டாம். பண்டத்தின் பெயர், நாள், யாரோடு போனோம் என்று விவரத்தோடு எழுதியவர்களைத் தேடுங்கள். சாதாரண ஆட்கள் எடுத்த மங்கலான தட்டுப் போட்டோக்கள் விடுதியின் அழகான போட்டோக்களைவிட உண்மை சொல்லும்.

இதோடு உணவுச் சுகாதார மதிப்பெண்ணைப் பாருங்கள்: 0 முதல் 5 வரை, உள்ளாட்சி ஆய்வாளர்கள் தருவது. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் வாசலில் ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஆகவே இங்கிலாந்தில் பச்சை-கறுப்பு ஸ்டிக்கர் வாசலில் காணவில்லை என்றால் உணவுத் தர முகமையின் தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். சுத்தமும் கையாளும் முறையும்தான் அதில் அளக்கப்படும், ருசி அல்ல. ஸ்காட்லாந்தில் இந்த எண் முறை இல்லை. தேறியது அல்லது முன்னேற்றம் தேவை என்று மட்டும் வரும்.

நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. சாப்பாடு சரியில்லை என்றால் அந்த மேசையிலேயே, இரண்டு வாய்க்குள் சொல்லிவிடுங்கள். முழுத் தட்டையும் முடித்துவிட்டு, "எல்லாம் ஓகேவா" என்று கேட்கும்போது சிரித்துத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கோபத்தைக் கொட்டுவது நமக்கும் பலன் தராது, அவர்களுக்கும் நியாயம் செய்யாது. அந்த நேரத்தில் சொன்னால் மாற்றித் தருவார்கள் அல்லது பில்லில் கழிப்பார்கள். நல்ல விடுதி அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாது.

ஆகவே, பெற்றோரும் பிள்ளைகளுமாக என்றால் வார நாள் மதியம். பள்ளி விடுமுறை இல்லாத காலத்தில் எல்லோருக்கும் வார நாள் அமையாது என்றால் சனிக்கிழமை பன்னிரண்டு மணி, ஞாயிறைவிடப் பரவாயில்லை. மாட்டிறைச்சியோ கோழியோ தயக்கமில்லாமல் சாப்பிடும் நண்பர்கள் கூட்டம் என்றால் ஞாயிறு ரோஸ்ட், முதல் பந்தி. இருவர் மட்டும் என்றால் இரவுத் தங்கல். கையில் காசும் ஒரு நல்ல காரணமும் இருந்தால் கேஸ்ட்ரோபப். கடுமையான ஒவ்வாமை இருந்தால் சங்கிலி பப்.

எதுவாக இருந்தாலும் போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் காலை பதினொன்று மணி வாக்கில் போன் செய்யுங்கள். அப்போதுதான் ஆட்கள் வந்திருப்பார்கள், பரபரப்பு தொடங்கியிருக்காது. அன்றைக்குச் சமையல் எத்தனை மணி வரை, படியில்லாமல் உள்ளே வர வழி உண்டா, சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "இருங்க, சமையலறையில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒருவர் எழுந்து போனால் அங்கேயே மேசை சொல்லிவிடுங்கள்.